கோட்டின் மேல் விழுந்த பந்து

ஹட்டன்
2025 மே 2

அன்பு லெட்சுமி,

உன் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் உன் மகள் ஹம்சினியின் கையில். மெசேஜ் போட்டால் அவள்தான் முதலில் வாசித்து வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் இதை நீ வேலை செய்கிற கிளப் விலாசத்துக்குப் போடுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து சீட்டு எழுதித் தள்ளிக்கொண்டோமே, அதற்குப் பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் பைனல் முடிந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். மைக்கைக் கொடுத்தார்கள். கிளப்புக்கு நன்றி சொன்னேன். எதிரே விளையாடிய அப்ராவுக்குச் சொன்னேன். தேநீர் ஊற்றியவர்களுக்குக்கூடச் சொன்னேன். இரண்டு வாரமாக விடியுமுன் எழும்பி அந்த மண் கோர்ட்டைக் கூட்டி, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட உன் பெயர் மட்டும் என் வாயில் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மறக்கவில்லை. நீ நின்ற பக்கம் பார்க்க முடியாமல் இருந்தது.

இங்கே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் என் கையைப் பிடித்து உயர்த்தினார். "தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த நம்ம டீச்சர், வெள்ளக்காரத் தொரைமார் வெளயாண்ட கோர்ட்டுல கப்பு வாங்கியிருக்காங்க" என்றார். வெளியாட்களுக்குக் கிளப் கதவைத் திறந்து வைத்த முதல் சுற்றுப்போட்டி, அதில் முதல் பெண்கள் கிண்ணம் நமக்கு என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கிண்ணம் பிரிட்ஜின் மேல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் இறக்கிக் காட்டுகிறார்.

அந்தக் கடைசிப் பந்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். மூன்றாவது செட்டில் எனக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். அப்ரா அடித்தது என்னைத் தாண்டிப் பின்கோட்டுப் பக்கம் விழுந்தது. நடுவர் இல்லாத ஆட்டம். அவரவர் பக்கத்தில் விழுந்ததை அவரவர்தான் சொல்ல வேண்டும். "உள்ளயா, வெளியயா டீச்சர்?" என்று அப்ரா கேட்டாள். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கிளப் வழக்கப்படி உன்னைக் கூப்பிட்டேன். நீ விளக்குமாற்றோடு வந்தாய், குனிந்து பந்து பதிந்த தடத்தைப் பார்த்தாய், "வெளிய" என்றாய், கூட்டிவிட்டாய். நீ கூட்டிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. பதினோரு வருடமாக அங்கே அப்படித்தானே.

நீ நன்றாகத்தான் பார்த்தாய், இல்லையா? ஒரு வரி எழுது, போதும்.

யோகா

*

வட்டகொடை
2025 மே 7

யோகேஸ்வரிக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதப் போனேன். ஆவல் இல்லை, அதனால் எழுதவில்லை. கிளப் கிளார்க்கு உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு "இந்தக் காலத்துல ஒனக்கு யாரு லெட்சுமி கடுதாசி போடுறது?" என்று சிரித்தார். ரோலர் வைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தேன்.

மைக்கில் என் பெயர் வராததில் எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். அன்றைக்குக் கொழுந்து பறிக்கிற நம் பெண்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், முதல் தடவையாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காளியாயி அக்கா என் தோளை இடித்து "ஒங் கூட்டாளி ஒன் பேரச் சொல்லலியேடி" என்றார். "அவளுக்குப் பதட்டம்க்கா" என்றேன். உனக்காகச் சமாளிப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.

பார்த்தாயா என்று கேட்கிறாய். பார்த்தேன். வெளியே என்று சொன்னேன். அவ்வளவுதான்.

ஆனால் பேச்சு முடியவில்லை. அப்ரா நானா என்று கூப்பிடுகிற அவள் அண்ணன் றுமைஸ், தலவாக்கலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், கிளப் செக்ரட்டரி நாகலிங்கம் ஐயாவிடம் வந்திருக்கிறார். சண்டைக்கு வரவில்லை. "எனக்கு உள்ள விழுந்த மாதிரிதான் தெரிஞ்சிச்சு. லெட்சுமி அக்கா எழுதித் தந்தாப் போதும், நான் பேச மாட்டேன்" என்றாராம். தடத்தில் என்ன பார்த்தேன் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாதம் முடிவதற்குள் தரும்படி ஐயா என்னிடம் சொல்லிவிட்டார்.

என் வாயை நம்பித்தான் எனக்கு இந்த வேலை. அது போனால் இந்த முழங்காலோடு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். வாயால் சொன்னதை எழுதினால் சரி. ஆனால் எட்டாம் வகுப்புப் படித்த கைக்கு எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். நீ டீச்சர். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதி அனுப்பு. பார்த்து எழுதிக் கொடுக்கிறேன்.

லெட்சுமி

*

ஹட்டன்
2025 மே 11

அன்பு லெட்சு,

உன் கடிதம் வந்தது. றுமைஸ் இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவில்லை. ஒரு பந்துக்கு இத்தனை எழுத்தா!

நான் என்ன சொல்கிறேன் என்றால், பயப்படாதே. நீ பார்த்ததை நீ சொன்னாய். நான் கிட்டே நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன். ஆகவே நான் இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நீதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு டெனிஸ் தொடங்க அதிபர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். என் படத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறார். இந்த நேரத்தில் ஒரு கதை கிளம்பினால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம். எனக்காகக் கேட்கவில்லை.

கீழே உள்ளதை அப்படியே பார்த்து எழுது.

"2025.04.27 அன்று நடைபெற்ற பெண்கள் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்து விழுந்த தடத்தை நான் அருகில் சென்று பார்த்தேன். தடம் பின்கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி இருந்தது. கோட்டின் சுண்ணாம்பு கலைந்திருக்கவில்லை. பந்திலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கவில்லை. எனவே பந்து வெளியே என அறிவித்தேன். இது உண்மையென உறுதிப்படுத்துகிறேன்."

தேதி போடு. பெயரை முழுதாக எழுது. எழுதிய பிறகு என் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

யோகா

*

வட்டகொடை
2025 மே 16

யோகேஸ்வரி,

கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

நேற்று மழை, கோர்ட்டில் வேலை இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து உன் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். இரண்டு விரல் தள்ளி என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. இரண்டு விரலும் இல்லை, ஒரு விரலும் இல்லை. பந்து கோட்டின் மேல்தான் விழுந்தது. பாதி சுண்ணாம்பில், பாதி மண்ணில். கோட்டைத் தொட்டாலே உள்ளேதான். அந்தக் கோட்டை அன்று காலை போட்டவள் நான். எனக்கா தெரியாது? பார்த்தேன், தெரிந்துகொண்டேன், வெளியே என்று சொன்னேன். ஒரு தடத்துக்குப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏன் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். காளியாயி அக்காவும் மற்றவர்களும் எழும்பி நின்றுவிட்டார்கள். நீ தோற்றால் அவர்கள் பேசாமல் எழும்பி லயத்துக்கு நடப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குத் தெரியவில்லை, பாவம், தவிக்கிறாய் என்று நினைத்தேன். தெரியாதவளுக்கு நான் கொடுக்கிற ஒரு பரிசு என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்றிரவு தூக்கம் இல்லை. அப்ரா தன் பந்துகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னிடம் வந்து "வாறேன் லெட்சுமி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். வெட்கம் கெட்டவள் நான்.

இதையெல்லாம் உன்னிடம் மறைத்துத்தான் போன கடிதம் எழுதினேன். உன்மேல் குற்றம் இல்லை, நீ சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான்.

ஆனால் உன் தாளில் நாலாவது வரி. "பந்திலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கவில்லை." பந்தைப் பற்றி யார் கேட்டார்கள்? றுமைஸ் கேட்கவில்லை. ஐயா கேட்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, தடத்தைத்தான் பார்த்தேன். அதைக் கையில் வைத்திருந்தவள் நீ ஒருத்திதான்.

உனக்குத் தெரியும். அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைக் கூப்பிட்டாய்.

இல்லை என்று சொல்வதாக இருந்தால் பதில் எழுதாதே.

லெட்சுமி

*

ஹட்டன்
2025 மே 20

லெட்சு,

இல்லை என்று சொல்லப் போவதில்லை.

விழும்போதே பார்த்தேன். கோட்டிலிருந்து வெள்ளைப் புழுதி எழும்பியது. பந்து பின் வேலியில் பட்டு என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு. அப்ரா கேட்டபோது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பந்தைக் காற்சட்டையில் துடைத்தேன். துடைத்த பிறகுதான் "லெட்சுமிக்கிட்ட கேப்போம்" என்றேன். உள்ளே என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல் உன் தலையில் வைத்தேன். நீ உள்ளே என்று சொல்லியிருந்தால் நான் நேர்மையானவளாகத் தப்பியிருப்பேன். வெளியே என்றால் கிண்ணம். எப்படிப் போனாலும் என் கை சுத்தம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா.

நீ குனிந்து நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாயே, நான் தவிக்கவில்லை லெட்சு. கெஞ்சினேன்.

பிறகு உன்னையே எழுதி உறுதிப்படுத்தச் சொன்னேன். அதை எழுதிக் கொடுத்தவளும் நான். பிள்ளைகளுக்காக என்று வேறு சொன்னேன். இந்த ஒரு மாதத்தில் வகுப்பில் யாராவது பார்த்து எழுதினால் என்னால் கண்டிக்க முடியவில்லை. அப்படியே தாண்டிப் போய்விடுகிறேன். என்னைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வந்து ஐயாவிடம் எழுதிக் கொடுக்கிறேன். நீ ஒன்றும் எழுதாதே, ஒன்றும் சொல்லாதே. உன் வேலைக்கு ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

யோகா

*

வட்டகொடை
2025 மே 27

யோகேஸ்வரி,

உன் கடிதம் சனிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. நான் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்ததையும் கொட்டகைக்குள் நின்று பார்த்தேன். குடையை மடக்கிவிட்டு, ஐயாவின் அறை வாசலில் சப்பாத்துக் காலைத் துடைத்துத் துடைத்து நின்றாய். நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

நேற்று ஐயா கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். என் தாளில், பந்து கோட்டில் பட்டது, நான் பொய் சொன்னேன், டீச்சருக்கு எதுவும் தெரியாது என்று இருக்கிறது. உன் தாளில், பந்து உள்ளே என்று உனக்குத் தெரியும், ஆனால் லெட்சுமி பொய் சொல்லவில்லை, வெளிச்சம் போதாமல் தவறாகப் பார்த்துவிட்டாள் என்று இருக்கிறது. ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உண்மையச் சொல்ல வந்த எடத்துலயும் ஆளுக்கொரு பொய்யா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வெளிச்சம் போதவில்லையாம்! பொய்யாவது ஒழுங்காக எழுதக் கூடாதா?

உன்னைக் காப்பாற்ற மட்டும்தான் அப்படி எழுதினேன் என்று நினைத்துவிடாதே. பாதி அதுதான். மீதி, உன்மேல் இருந்த ஆத்திரம். நீ செய்ததையும் சேர்த்து எழுதினால், நீ என்னை எவ்வளவு இலேசாக நினைத்தாய் என்று ஐயாவுக்கும் தெரிந்துபோகும். அது எனக்குத்தான் வெட்கம்.

வேலை போகவில்லை. கூட்டலாம், கோடு போடலாம். இனி தடம் பார்க்க என்னைக் கூப்பிடமாட்டார்கள். சந்தேகம் வந்தால் விளையாடுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஐயா இதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பதிலாகக் கூடையைத் தூக்கச் சொல்லியிருந்தாலும் தூக்கியிருப்பேன்.

இதோடு மூன்றாவது தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நடந்தது முழுவதும் இருக்கிறது, உன்னுடையதும் என்னுடையதும். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் திருத்தாதே. எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாதே. ஐயாவுக்கு ஒரு பிரதி போதும். மூலத்தை அப்ராவின் கையில் நீயே கொண்டுபோய்க் கொடு. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதே.

லெட்சுமி

*

ஹட்டன்
2025 யூன் 2

லெட்சு,

திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை தலவாக்கலைக்குப் போனேன். கிண்ணத்தைச் சீலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். மருந்துக்கடையில் கூட்டம். அப்ராதான் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது "என்ன டீச்சர், சுகமில்லையா?" என்றாள். தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் சேர்ந்ததுதான்.

"நானும் உள்ளண்டுதான் பாத்தேன் டீச்சர். லெட்சுமி அக்கா வெளியண்டு சொன்னாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, அப்ப என்ட கண்ணுதான் சரியில்லண்டு நெனச்சேன். றுமைஸ் நானாதான் கேக்கப் போனாரு. போக வேணாம், எனக்குத்தான் வெளங்கல்லண்டு அவரோட சண்ட புடிச்சேன். அதுக்குப் பொறகு நான் ரக்கெட்டத் தொடவே இல்ல."

கிண்ணத்தை மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. "அந்தப் பந்து எனக்குண்டு வெச்சாலும் ரெண்டு பேரும் சமன், டியூஸ்தானே. நான் வெல்லல்லையே. கிளப்புக்கே குடுங்க" என்றாள். மன்னித்துவிடு என்று கேட்டேன். தாளை மடித்து வைத்தாள். "மன்னிச்சிட்டேன் டீச்சர். அல்லாவுக்காகச் சொல்றேன், மனசுல ஒண்ணுமில்ல. ஆனா இனி ஒங்களோட வெளயாட ஏலா."

அவள் சொன்னது நியாயம். பஸ் ஏறி ஹட்டன் வரும்வரை அந்த டியூஸைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகும் நான் வென்றிருக்கலாம். எனக்கு அன்று கை நன்றாக ஓடியது. வென்றிருப்பேனா என்பது இனி யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று காலைக் கூட்டத்தில் அதிபரிடம் கேட்டு நானே மைக்கை வாங்கினேன். இந்தத் தடவை உன் பெயரைச் சொன்னேன், உனக்கு நான் செய்ததையும் சொன்னேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் எனக்காகக் கூசித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாளாக அளந்துதான் பேசுகிறார். கிண்ணத்தைக் காட்டிய ஆட்களுக்கெல்லாம் அவர் இனி என்ன சொல்வார்?

அப்ராவிடம் கேட்டதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. இனி நான் அந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான் உனக்கு நிம்மதி என்றால் அதை எழுது.

யோகா

*

வட்டகொடை
2025 யூன் 6

யோகா,

உன் கடிதத்தில் அப்ரா சொன்னதை வாசித்தேன். ஒரு கிண்ணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அந்தப் பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் ஒரு மாதம் இருந்திருக்கிறாள். என் சொல்லை அவ்வளவு நம்பியதுதான் அவள் செய்த பிழை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். எல்லாரும் கேட்கும்படி "ஒங் கண்ணுல ஒண்ணுமில்ல தாயி, என் வாயிலதான் கோளாறு" என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்தாள். "நாளைக்கி வெயில் இருந்தா வாறேன்" என்றாள்.

நேற்று வெயில். அண்ணனோடு வந்தாள். காலையிலேயே கோடு போட்டு வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து அவள் பக்கத்துப் பின்கோட்டில் விழுந்தது. றுமைஸ் பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பழக்கத்தில் கால் எழும்பியது. விளக்குமாற்றை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அப்ரா தானே போனாள். குனிந்து வெகு நேரம் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்க்கத் தேவையில்லாத தடம் அது. பிறகு "உள்ள நானா, ஒங்களுக்குத்தான்" என்றாள். தன் கண்ணால் பார்த்து ஒரு புள்ளியை இழந்தாள், அதில் அவளுக்கு என்ன சிரிப்பு! நான் பிறகு போய்க் கூட்டினேன். கூட்டும்போது பார்த்தேன். அவள் சொன்னது சரி. என்னை யாரும் கேட்கவில்லை.

வராமல் இருக்கவா என்று கேட்கிறாய். இதோ எழுதுகிறேன். மன்னிப்பு என்று ஒன்று இப்போது என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. எப்போதாவது வந்தால் உனக்குச் சொல்லுவேன். அதுவரைக்கும் வராமல் இருந்துவிடாதே.

லெட்சு